வந்த பணம் யார் கணக்கில்?

அன்புள்ள அண்ணா,

ஆப்பிரிக்க நாடான மலாவி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வெளிநாட்டு நிதி ஒரு சின்ன நாட்டின் அரசு அலுவலகங்களைப் பலவீனமாக்கும் என்கிறீர்கள். எங்கள் பக்கம் கொசஸ்தலையாற்று மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடன் கொடுத்தது. அதனால் நம் மாநகராட்சி கெட்டா போய்விட்டது? வேலை நடந்தால் சரிதானே?

– எஸ்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

அந்தக் கடன் டெல்லி கையெழுத்துப் போட்டு வந்தது. வேலையை நடத்துவது மாநகராட்சிதான். கடன் கொடுத்தவர் நாளைக்கே எழுந்து போனாலும் ரிப்பன் மாளிகையில் யாருக்கும் சம்பளம் நிற்காது. மலாவி அப்படியில்லை. பரப்பில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறிய நாடு அது. பல வருடங்களாக அரசுச் செலவில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வந்த பணம். கொடுப்பவர் ஒவ்வொருவரும் தமக்கென்று படிவம், கணக்கு, தணிக்கை, திட்ட அலுவலகம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

2005இல், சுனாமிக்குப் பிறகு, காசிமேடு பக்கம் ஒரு குப்பத்தில் நிவாரண வேலைக்குப் போயிருந்தேன். ஓர் அக்கா மஞ்சப்பையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மட்டுமே ஒரு கட்டு வைத்திருந்தார். வந்த தொண்டு நிறுவனமெல்லாம் ஆளுக்கொரு படிவம் நீட்டியிருந்தது. உடைந்த படகு ஒன்றுதான், அதை ஆறு விதமாக எழுத வேண்டியிருந்தது. "வலையை எந்தக் கட்டத்துல எழுதணும்ப்பா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அந்த அக்கா இடத்தில் ஒரு நாட்டின் நிதித்துறையை வைத்துப் பாருங்கள். விவரம் தெரிந்த அதிகாரிகள் கொஞ்சம் பேர். அவர்கள் பொழுதெல்லாம் வெளியாருக்கு அறிக்கை எழுதுவதிலேயே போகிறது.

இதைவிட உள்ளே போய் அரிப்பது 'படி'. மலாவியில் அரசு ஊழியருக்குச் சம்பளம் குறைவு. வெளிநாட்டுத் திட்டம் நடத்தும் பயிற்சிப் பட்டறைக்குப் போனால் தினப்படி உண்டு. அப்புறம் நாற்காலியில் யார் உட்காருவார்? திறமைசாலிகள் திட்ட அலுவலகத்துக்கே வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டுமே.

நல்லதே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அங்குள்ள நர்ஸ்கள் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், வெளிநாட்டு நிதியோடு 2004இல் தொடங்கிய திட்டம் சுகாதார ஊழியர்களுக்கு 52 சதவீதம் சம்பளம் கூட்டிக் கொடுத்தது. ஆஸ்பத்திரிகளில் ஆள் கூடியது.

2013இல் மலாவியில் 'கேஷ்கேட்' என்ற ஊழல் வெடித்தது. அரசின் கணினிக் கணக்கில் புகுந்து, வாங்காத பொருளுக்குப் பணம் கொடுத்து, பதிவையும் அழித்திருந்தார்கள். கொடையாளர்கள் பட்ஜெட்டுக்குத் தந்த நிதியை நிறுத்தினார்கள். பயந்தது நியாயம்தான். ஆனால் கருவூலத்தைத் தொடாமல் பணம் சுற்றிப் போகப் போக, கருவூலத்தைச் சரிசெய்யும் அவசரம் யாருக்கும் இருக்காது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் ஜனங்கள் தங்கள் எம்.பி.யைக் கேட்பதா, போர்டில் கொடி போட்டிருக்கும் நாட்டைக் கேட்பதா? என்னை வாட்டுவது இதுதான்.

கொடையாளர்கள் தமக்கென்று வைக்கும் இந்தத் தனி அலுவலகங்களைக் குறைப்போம் என்று, உதவி கொடுக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் 2005இல் பாரிஸில் கூடி உறுதி சொன்னார்கள். அங்கே வைத்த 13 இலக்குகளில் 2010க்குள் எட்டியது ஒன்றே ஒன்று.

அப்படியானால் உதவியே வேண்டாமா என்றால், வேண்டும். ஆப்பிரிக்காவிலேயே இன்னொரு நாடான போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966இல் விடுதலை அடைந்தபோது அன்றாட நிர்வாகச் செலவுக்கே பிரிட்டன் மானியத்தை நம்பியிருந்த நாடு. ஆனாலும், யார் பணம் கொடுத்தாலும் அந்த வேலை தங்கள் தேசிய வளர்ச்சித் திட்டத்தில் இருக்க வேண்டும் என்று நிதி அமைச்சகம் பிடிவாதமாக நின்றது. பள்ளிக்கூடம் கட்டித் தருகிறேன் என்றால், வாத்தியார் சம்பளத்தை யார் கொடுப்பது என்று முதலில் கணக்குப் பார்த்தது. ஒத்துவராததை வேண்டாம் என்று சொல்லியும் இருக்கிறது. வைரம் கிடைத்ததால் வந்த தைரியம் என்பார்கள். வைரம் உதவியது உண்மை. ஆனால் வைரப் பணம் பெருகுவதற்கு முன்பே இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

உங்கள் தெரு வடிகாலுக்கும் அதே கணக்குதான். கட்டி முடித்த பிறகு வருடா வருடம் தூர்வார எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்? அடுத்த ஏரியா சபையில் எழுந்து கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.