கண்ணீர்ப்புகையும் கூடும் உரிமையும்

வணக்கம். போராட்டத்தில் கண்ணீர்ப்புகை வீசுவதைக் கருத்துரிமைப் பறிப்பு என்று எழுதியிருந்தீர்கள். துப்பாக்கிச்சூட்டுக்கு இது எவ்வளவோ தேவலை. அரைமணியில் எரிச்சல் அடங்கிவிடும். பேசாதே என்று யாரும் சொல்லவில்லையே, கலைந்து போ என்றுதானே சொல்கிறார்கள்?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துப்பாக்கி எடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றிய இடத்தில், அதற்குப் பதிலாகப் புகை வீசினால் நீங்கள் சொல்வது சரி. உட்கார்ந்து கோஷம் போடுகிறவர்கள்மீது வீசினால், எதற்குப் பதிலாக?

கண்ணீர்ப்புகைக்குப் பரவலாகப் பயன்படும் சி.எஸ். என்ற ரசாயனம் சாதாரண வெப்பத்தில் தூள். புகைக்குண்டுக்குள் எரியும் கலவை அதை ஆவியாக்கி நுண்துகள்களாகக் காற்றில் பரப்புகிறது. எவ்வளவு அடர்த்தியில், எவ்வளவு நேரம் சுவாசித்தோம் என்பதுதான் பாதிப்பைத் தீர்மானிக்கிறது. கல்லெறிந்த இளைஞர் ஓடிவிடுவார். ஓட முடியாத முதியவரும் ஆஸ்துமா உள்ளவரும்தான் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். அரைமணியில் அடங்கும் என்பது திறந்தவெளிக்குத் தப்பியவர்களுக்கான கணக்கு. அடுத்த கூட்டத்துக்கு வராமல் போகிறவர்களும் மாட்டிக்கொண்டவர்கள்தான். பேச்சுக்குத் தடை இப்படித்தான் விழுகிறது, உத்தரவே இல்லாமல்.

கூடும் உரிமை தனித்தனி ஆளுக்கு உரியது. சிலர் வன்முறையில் இறங்கியதால் மற்றவர்கள் அதை இழப்பதில்லை. ஐ.நா. மனித உரிமைக் குழு 2020இல் கூடும் உரிமையை விளக்கி வெளியிட்ட 37ஆவது பொதுக் கருத்துரை இதைச் சொல்கிறது. கண்ணீர்ப்புகை கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும். முதலில் வாய்மொழி எச்சரிக்கை, பிறகு கலைந்துபோக அவகாசம். அடைபட்ட இடங்களில் கூடவே கூடாது என்றும் சொல்கிறது. நடைமுறையில் பிசகுவது இங்கேதான். மெகாபோன் அறிவிப்பு கடைசி வரிசைக்கு எட்டாது. தெருவின் இரு முனையிலும் தடுப்பு போட்டுவிட்டுக் கலையச் சொல்வார்கள்.

புகைக்குண்டை உயரக் கோணத்தில்தான் சுட வேண்டும். நேராகச் சுட்டால் அந்த உலோகமே ஆயுதம். துருக்கியில் 2006இல் அப்படிச் சுட்ட குண்டு 13 வயதுச் சிறுவனின் மூக்கில் பாய்ந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல் துருக்கி அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

'போரில் தடைசெய்ததைத் தெருவில் எப்படி வீசலாம்' என்று நம் தரப்பில் கேட்பதுண்டு. அது பலவீனமான வாதம். 1993ஆம் ஆண்டு ரசாயன ஆயுத உடன்படிக்கை இதைப் போர்முறையாகத் தடுத்து, உள்நாட்டுக் கலவரக் கட்டுப்பாட்டுக்கு விட்டுவைத்தது. போர்க்களத்தில் எதிரி இதைக் கொல்லும் வாயு என்று எண்ணி அதே வகையில் திருப்பி அடிக்கக்கூடும் என்ற அச்சம் அந்தப் போர்த் தடைக்கு ஒரு காரணம்.

வழக்குப் போட நினைப்பவர்களுக்கு ஒன்று: எல்லோரும் புகை கிளம்பிய பிறகுதான் காணொளி எடுக்கிறார்கள். எச்சரிக்கை எத்தனை மணிக்கு, முதல் குண்டு எத்தனை மணிக்கு, எந்த வழி திறந்திருந்தது என்பதற்கு அதற்கு முந்தைய பதிவுதான் சாட்சி.