விழுந்த பங்கில் வந்த பணமும் மகனின் படிப்பும்

மகனின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க, திண்டுக்கல்லில் இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகன் பி.காம். இறுதியாண்டு. முறைகேடு புகாரில் சிக்கிய ஒரு நிறுவனத்தின் பங்கு சரியும் என்று கணித்து, விலை விழுந்தால் லாபம் தரும் புட் ஆப்ஷன் என்ற ஒப்பந்தத்தை வாங்கி 40,000 ரூபாய் சம்பாதித்திருக்கிறான். "அங்கே வேலை இழந்தவர்களின் வயிற்றெரிச்சல் நமக்கு வேண்டுமா சார்?" என்று அம்மா கலங்கினார். மாமாவோ, நகையை அடகு வைத்தாவது 4 லட்சம் கட்டி, பையனை டிரேடிங் பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறார்.

அம்மா, அந்த நிறுவனத்தைக் கவிழ்த்தது பொய்க் கணக்கு; உங்கள் மகனின் ஆப்ஷன் அல்ல. ஜெர்மனியில் வயர்கார்டு என்ற மின்னணுப் பணப்பட்டுவாடா நிறுவனத்தின் மீது சந்தேகம் எழுந்தபோது, அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு 2019 பிப்ரவரியில் அதன் பங்கில் ஷார்ட் செல்லிங்கை, அதாவது விலை சரியும் என்று கணித்துச் செய்யும் வணிகத்தை, இரண்டு மாதம் தடை செய்தது. முறைகேட்டை எழுதிய பத்திரிகையாளர்கள் மீதே புகாரும் கொடுத்தது. 2020 ஜூனில், கணக்கில் காட்டிய 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்று தெரிந்தது. இடைப்பட்ட 16 மாதங்களில் நம்பிப் பங்கு வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலுக்கு யார் பொறுப்பு? உள்ளிருந்து கசிந்த தகவலை வைத்தோ வதந்தி பரப்பியோ சம்பாதித்தால்தான் அது தவறு, குற்றமும்கூட.

அதனால், எதை வைத்துக் கணித்தாய் என்று தம்பியிடம் தனியாகக் கேட்டேன். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து நீட்டினான். நிறுவனர் குடும்பத்தின் வேறு கம்பெனிகளுக்குப் போன கடன்கள், விற்பனையைவிட வேகமாக ஏறிய வசூலாகாத பாக்கி என்று பின்குறிப்புகளில் பென்சில் கோடுகள். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினான். லாபத்தைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் பேச்சே வந்தது. இவன் டிரேடர் அல்ல.

நகை அடகுக்குப் போகக் கூடாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியே சொல்கிறது. ஒரு முறை பலித்ததைத் தொழிலாக்க முடியாது.

யாரும் இவனுக்குச் சொல்லாத படிப்பு, கணக்கில் ஒளிந்த மோசடியைத் துப்பறியும் தடயவியல் கணக்கியல். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு, ரொக்கம், வங்கி இருப்பு என்று காட்டியதில் 5,040 கோடி ரூபாய் பொய் என்று ஒப்புக்கொண்டார். வங்கிகளிடம் உறுதிக் கடிதம் வாங்கும் வேலையைத் தணிக்கையாளர்கள் நிறுவனத்திடமே விட்டிருந்தார்கள். தடயவியல் தணிக்கையாளர் அந்தக் கடிதத்தை வங்கியிடம் தானே நேராகக் கேட்டு வாங்குவார். ஜிஎஸ்டி கணக்கையும் விற்பனைப் பேரேட்டையும் பதிவுக்குப் பதிவு ஒப்பிடுவார். ஒரே முகவரியில் பத்து சப்ளையர்கள் இருந்தால் அந்தக் கதவைத் தட்டுவார். எண்களின் முதல் இலக்கம் இயல்பாக வருகிறதா என்றுகூடப் பார்ப்பார். உண்மையான கணக்குகளில் பொதுவாகச் சுமார் 30 சதவீத எண்கள் 1 என்ற இலக்கத்தில் தொடங்கும். திவால் வழக்குகள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் இவர்களைத் தேடுகின்றன.

பி.காமில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேரடியாகச் சேரலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பழகும் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகல்ஷிப்புக்கு உதவித்தொகை உண்டு. தடயவியல் பணி செய்யும் அலுவலகமாகத் தேடிச் சேரட்டும். சி.ஏ. முடித்தபின், அந்தப் படிப்பை நடத்தும் கழகமே தடயவியல் கணக்கியலில் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. சி.ஏ. தேர்வு கடினமானதுதான், இரண்டு மூன்று முறை எழுத நேரலாம். அதற்கு வீடு பொறுமையாக இருக்க வேண்டும், மாமா உட்பட.

அந்த 40,000 ரூபாயை வருமான வரிக் கணக்கில் வணிக வருமானமாகக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதிலிருந்தே இன்டர்மீடியட் பதிவுக் கட்டணத்தை அவன் கட்டட்டும்.