பின்னாடி ரூம்ல வைஃபை சிக்னல் ரொம்ப வீக்கா இருக்கு, எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டினா சரியாகிடுமா?

ஆகும். ஆனா எங்க மாட்டுறீங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு. இந்தக் கேள்விய பாத்துட்டு பேசாம போக என்னால முடியல, ஏன்னா இதே எக்ஸ்டெண்டர தப்பான எடத்துல மாட்டி வெச்சுக்கிட்டு ஏழு மாசம் நான் வாங்குன பேச்சு கொஞ்சநஞ்சம் இல்ல.

நீங்க பின்னாடி ரூம்னு சொல்றத வெச்சுப் பாத்தா நீளமான வீடா இருக்கும், ஃபைபர் கேபிள் வாசல் வழியா வந்திருக்கும், நெட் மாட்ட வந்தவர் வாசல்கிட்டயே பெட்டிய ஆணியடிச்சு மாட்டிட்டு கெளம்பியிருப்பாரு, நீங்க உக்காந்து வேல பாக்குறது கடைசி ரூம்ல. வாடகை வீடாவும் இருக்கும்னு நெனக்கிறேன். சொந்த வீடுன்னா சுவத்துல ஓட்ட போட்டு கேபிள இழுத்து விட்டுருப்பீங்க.

நாங்க இருக்கறது ஸ்ரீரங்கத்துல, கோயிலச் சுத்தியிருக்கற வீதிங்கள்ல ஒண்ணு. அந்த வீடுங்கள பாத்தவங்களுக்குத் தெரியும், அகலம் கொஞ்சம்தான் இருக்கும், நீளம் மட்டும் ரயில்பெட்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அதுக்கப்புறம் ஒரு ரூம், அப்புறம் கொல்லை. சுவரெல்லாம் பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், ஒண்ணரை அடி கனம். ரவுட்டர் ரேழில இருக்கு. என் ரூம் கொல்லைப்பக்கம். நடுவுல மூணு சுவர், அது போக கூடத்துல ஒரு இரும்பு பீரோ.

எனக்கு மெடிக்கல் கோடிங் வேல, அதாவது நோயாளியோட சிகிச்சைக் குறிப்ப (அதத்தான் சார்ட்னு சொல்வோம்) படிச்சு நோய்க்கும் சிகிச்சைக்கும் கோட் நம்பர் போடறது, வீட்லேர்ந்தே பாக்குறேன். இந்த வேலைல இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, ஒரு நாளைக்கு இத்தன சார்ட் முடிக்கணும்னு டார்கெட் இருக்கு, குவாலிட்டி 95 சதவீதத்துக்கு கீழ போகக்கூடாது, எல்லாம் விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள போற பூட்டு போட்ட பாதை) வழியாத்தான் ஓடும். நெட் ரெண்டு செகண்டு விட்டாக்கூட விபிஎன் அறுந்துடும், திரும்ப லாகின் பண்ணி ஓடிபி போட்டு உள்ள போறதுக்குள்ள பாதி போட்ட சார்ட் போயிடும். எங்க ப்ளான் 100 எம்பிபிஎஸ். ரேழில நின்னு டெஸ்ட் பண்ணா 92, 93 வருது. என் ரூம்ல 3, 4. கூடத்துல உக்காந்து வேல பாக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க, கூடத்துல மாமனார் காலைலேர்ந்து டிவி போட்டிருப்பாரு, அவருக்கு காது கொஞ்சம் மந்தம், சத்தத்த கொறைக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. வயசானவர், அவருக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு.

சரின்னு கடைல போய் கேட்டேன். கடைக்காரர் ஒரு எக்ஸ்டெண்டர எடுத்துக் குடுத்து, "எங்க சிக்னல் வரலியோ அந்த ரூம்ல மாட்டுங்க மேடம், ஃபுல் சிக்னல் வந்துரும்"னு சொன்னாரு. 1,800 ரூபா. கொண்டுவந்து என் ரூம்லயே, டேபிள் பக்கத்துல இருக்கற ப்ளக்ல மாட்டுனேன். போன்ல நாலு கோடும் நெறஞ்சு நின்னுச்சு. அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம். மறுநாள் காலைல பாத்தா விபிஎன் முன்ன விட அதிகமா அறுந்துச்சு. ஸ்பீடு பாத்தா 2.

ஃபுல் சிக்னல் காட்டுது, நெட் மட்டும் வரல. இத யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. என் டீம் லீட் ஸ்க்ரீன்ஷாட் கேட்டாரு, அனுப்புனேன், அதுல வைஃபை ஃபுல்லா இருக்கு, "சிக்னல் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் ப்ரொடக்ஷன் கம்மி"ன்னு கேட்டாரு. அந்த ஏழு மாசத்துல ஆறு நாள் சம்பளம் புடிச்சாங்க. வீட்லயும் அதே கததான். என் நாத்தனார் வீட்டுக்காரர் வந்திருந்தப்ப, "ஃபுல் சிக்னல வெச்சுக்கிட்டு நெட் இல்லங்கறியேம்மா, வேல பாக்க சோம்பேறித்தனமா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. அது இன்னும் எனக்கு வலிக்குது. அதுக்காகத்தான் நானே உக்காந்து இத கத்துக்கிட்டேன்.

விஷயம் இதான். போன்ல தெரியற அந்தக் கோடு உங்க போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவுல இருக்கற சிக்னல். எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல என்ன நெலமன்னு அது காட்டவே காட்டாது. எக்ஸ்டெண்டர் சொந்தமா நெட்ட உண்டாக்குற பெட்டி இல்ல, தனக்கு என்ன வருதோ அத வாங்கி திருப்பி விடும், அவ்ளோதான். அதுக்கே 3 தான் வருதுன்னா உங்களுக்கு 3-க்கு மேல எங்கேர்ந்து வரும்?

அந்த 3-லயும் ஏன் கொறையுதுன்னா, கெணத்துலேர்ந்து தண்ணி எறைச்சு வாளிய கை மாத்தி விடுறோம்னு வெச்சுக்கங்க. நடுவுல நிக்கிற ஆளு ஒருத்தர்தான். அவரே இந்தப் பக்கம் திரும்பி வாளிய வாங்கணும், அந்தப் பக்கம் திரும்பி குடுக்கணும், வாங்குற நேரத்துல குடுக்க முடியாது. ஒரே அலைவரிசைல வாங்கி அதே அலைவரிசைல விடுற எக்ஸ்டெண்டர்ல இப்படித்தான் ஸ்பீடு கிட்டத்தட்ட பாதியாயிடும். டூயல் பேண்டுன்னா ஒரு பக்கம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல வாங்கி இன்னொரு பக்கம் 5 ஜிகாஹெர்ட்ஸ்ல குடுக்க முடியும், அதாவது ஆளு ரெண்டு பேர். நீங்க வாங்குனா டூயல் பேண்டே வாங்குங்க.

(நான் நெட்வொர்க் இன்ஜினியர் இல்ல, பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிச்சவ. இது தெரிஞ்சவங்க யாராவது "பாதிங்கறது எல்லா மாடலுக்கும் பொருந்தாது"ன்னு சொல்லலாம், ஒத்துக்கறேன், நான் என் வீட்ல நடந்தத சொல்றேன். அப்புறம் "இதுக்கெல்லாம் மெஷ் வாங்குனா முடிஞ்சுது"ன்னு வர்றவங்களுக்கு, மெஷ்ங்கறது வீடு பூரா ஒரே வைஃபையா சேந்து ஓடுற ரெண்டு மூணு பெட்டி, நல்ல செட்டு பல ஆயிரம் ஆகும்ங்க, மாசக்கடைசில அத வாங்கற நெலமைல எல்லாரும் இல்ல. வயர் இல்லாம மெஷ் போட்டாலும் சரியான எடத்துல வெக்கணும்ங்கறது மாறாது.)

ப்ளே ஸ்டோர்ல வைஃபை அனலைசர்னு தேடுனா இலவசமாவே ஆப் கெடைக்கும். அது சிக்னல டிபிஎம்னு மைனஸ் நம்பர்ல காட்டும். மைனஸ விட்டுட்டுப் பாத்தா எண் சின்னதா இருந்தாத்தான் நல்லது. எனக்கு ரேழில மைனஸ் 45 வந்துச்சு, கூடத்துல மைனஸ் 62, என் ரூம்ல மைனஸ் 84. வீடியோ கால், விபிஎன் எல்லாம் நிம்மதியா ஓடணும்னா மைனஸ் 67-க்குள்ள இருக்கறது நல்லது, மைனஸ் 80-ஐ தாண்டிடுச்சுன்னா அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். அந்த மைனஸ் 84 எடத்துலதான் நான் எக்ஸ்டெண்டர மாட்டி வெச்சிருந்தேன். அத பாத்த அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்புறம் போன கைல வெச்சுக்கிட்டு வீடு பூரா அடி அடியா நடந்தேன். எங்க மாதிரி வீட்ல ஒரு வசதி இருக்கு, வாசல்ல நின்னு பாத்தா கொல்லைக் கதவு தெரியும், நெலப்படியெல்லாம் ஒரே நேர்ல இருக்கும். சுவர் வழியா போகாத சிக்னல் அந்த நெலப்படி வழியா போகுது. முற்றம் வேற தெறந்த வெளி, அங்க தடுக்க ஒண்ணுமில்ல. கூடத்துக் கோடில, முற்றத்த பாத்தாப்புல, நெலப்படிக்கு நேரா வர்ற மாதிரி ஒரு எடம் மைனஸ் 60 காட்டுச்சு. அங்க ப்ளக் இல்ல, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துத்தான் வெச்சேன், மழைச் சாரல் படாத மாதிரி தள்ளி. பீரோவ ரெண்டடி நகத்துனோம். இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணி ட்ரம்மு இதெல்லாம் சிக்னலுக்கு ஆகவே ஆகாது.

மொதல்ல 5-லயே ரவுட்டரோட இணைச்சேன், பகல்ல நல்லா இருந்துச்சு, ராத்திரி ரேழிக் கதவ சாத்துனதும் விட்டுப் போச்சு. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஸ்பீடு உண்டு, சுவர தாண்டுற தெம்பு கம்மி. அதனால ரவுட்டர்லேர்ந்து வாங்கறது 2.4, என் லேப்டாப்புக்கு குடுக்கறது 5-ன்னு மாத்துனேன். இன்னொண்ணு, ஒட்டி ஒட்டி வீடு இருக்கற தெருவுல பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் மேல வந்து விழும். எனக்கு ஆப்ல 14 வைஃபை தெரிஞ்சுது, அதுல பாதி சேனல் 6-ல (சேனல்ங்கறது ஒரு அலைவரிசைக்குள்ள இருக்கற தனித்தனி தடம்). 2.4-ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான். ரவுட்டர் செட்டிங்ல போய் ஆட்டோவ எடுத்துட்டு 11 வெச்சேன். இவ்ளோ பண்ணதும் என் ரூம்ல 30 வந்துச்சு. விபிஎன் சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவகூட விடல. அதே பெட்டி, அதே 1,800 ரூபா.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தமில்லாம இருந்தாலும் பரவால்ல. கூடத்துல அந்தப் பெட்டி லைட் எரியறத பாத்துட்டு எங்க ஹவுஸ் ஓனர், "ராப்பகலா எரியுதே, கரண்டு என்னாகறது"ன்னு கேட்டாரு. நாங்க அவருக்கு சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 9 ரூபா குடுக்கறோம். மொத யூனிட்லேர்ந்தே 9 ரூபா. 2016-லேர்ந்து தமிழ்நாட்ல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அது யாருக்குப் போகுது? ஓனருக்கு. எங்கள மாதிரி சப் மீட்டர்ல வாடகைக்கு இருக்கறவங்க கண்ணுல அந்த 100 யூனிட்ட பாத்ததே இல்ல. நான் கணக்கு போட்டு எழுதியே குடுத்தேன். எக்ஸ்டெண்டர் அதிகபட்சம் 6 வாட், 24 மணி நேரம் ஓடுனா 144 வாட் ஹவர், மாசத்துக்கு நாலேகால் யூனிட், அவரு ரேட்லயே 40 ரூபாகூட வரல. அந்த 40 ரூபாயையும் நாங்கதான் குடுக்கறோம். அதுக்கப்புறமும் பில்லு கூடுனா "அந்த பெட்டிதான்"ங்கறாரு. கேட்டா காலி பண்ணுங்கன்னு ஒரு வார்த்த. ஸ்கூல் பக்கத்துல, மாமனார் ஆஸ்பத்திரி பக்கத்துல, அதனால பேசாம இருக்கோம். இது எங்க ஒரு வீட்டு கத இல்லன்னு எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வரேன். 30 போதும்னுதான் இருந்தேன். ஆனா மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு எடுப்பாங்கல்ல, அன்னிக்கு மாட்டிக்கிட்டேன். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் இருக்கு, லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, ஆனா இந்த எக்ஸ்டெண்டர் நேரா சுவத்து ப்ளக்ல குத்துற டைப், கரண்டு போனா அதுவும் போச்சு. இத வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா கவலையில்ல, இல்லன்னா தனி அடாப்டரோட வர்ற மாடலா பாருங்க, அதுக்கும் மினி யூபிஎஸ் குடுக்கலாம், வோல்ட்டு ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.

அப்பத்தான் கேபிள் யோசன வந்துச்சு. சுவத்துல ஓட்ட போட ஓனர் விடல. என் வீட்டுக்காரர் லீவு நாள்ல உக்காந்து, கேட் 6 லேன் கேபிள் 28 மீட்டர் வாங்கி, ஒயரிங்குக்கு போடுற பிவிசி பைப்புக்குள்ள விட்டு, ஜன்னல் மேல இருக்கற காத்துப்போக்கி வழியா, தாழ்வாரத்து ஓட்டோரமா கட்டிக் கட்டி பின்னாடி கொண்டுவந்துட்டாரு. ஒரு ஆணி அடிக்கல. பைப் ஏன்னா வெயில் பட்டா கேபிள் தோல் வெடிச்சுடும், அணிலும் கடிக்கும். லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், அதனால வீட்டுக்குள்ள நீளத்த பத்தி பயப்பட வேண்டாம். இடி இடிச்சா மட்டும் ரெண்டு பக்கமும் கழட்டி விட்டுருவோம்.

அந்த கேபிளோட முனைய நேரா லேப்டாப்ல சொருவிட்டா கரண்டு போனாலும் வேல நிக்காது. மத்த நாள்ல அதே எக்ஸ்டெண்டர்ல சொருவி, செட்டிங்ல ஆக்சஸ் பாயிண்ட் மோடுன்னு இருக்கும் பாருங்க, அதுக்கு மாத்தி, மறுபடியும் என் ரூம்லயே மாட்டிட்டேன், மொத நாள் மாட்டுன அதே ப்ளக்ல. இப்ப காத்துல வாங்கல, வயர்ல வாங்குது, அதனால என் ரூம்லயும் 90 வருது. அதுக்கு மேல வராது, ஏன்னா இந்த மாடல்ல இருக்கற லேன் போர்ட்டு 100 எம்பிபிஎஸ்தான், உங்க ப்ளான் அதவிட பெரிசுன்னா ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டான்னு அட்டைல படிச்சுட்டு வாங்குங்க. வீட்ல பழைய ரவுட்டர் சும்மா கெடந்தா எக்ஸ்டெண்டரே வேணாம், அதோட ஐபிய (நெட்வொர்க்ல அதோட விலாசம்) 192.168.1.2-ன்னு மாத்தி, டிஹெச்சிபிய (போன், லேப்டாப்புக்கெல்லாம் தானா ஐபி குடுக்கற வசதி) ஆஃப் பண்ணி, லேன் போர்ட்லேர்ந்து லேன் போர்ட்டுக்கு கேபிள் குடுத்தா அதுவே இந்த வேலைய செய்யும். அந்த ஐபி உங்க மெயின் ரவுட்டரோடது 192.168.1.1-ஆ இருந்தா. வேறயா இருந்தா அதுக்கு தகுந்தாப்புல மாத்திக்கங்க.

இப்ப நாத்தனார் வீட்டுக்காரர் வந்தா என் ரூம்ல உக்காந்துதான் கிரிக்கெட் பாக்குறாரு. ஒரு வார்த்த மன்னிப்பு கேக்கல, நானும் எதிர்பாக்கல, ஆனா பிடிச்ச ஆறு நாள் சம்பளம் மட்டும் இன்னும் வரல, மெயில் போட்டுக்கிட்டே இருக்கேன்.

நீங்க எக்ஸ்டெண்டர் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அந்த ஆப்ப போட்டு ஒரு தடவ நடந்து பாருங்க. மைனஸ் 60-லேர்ந்து 67-க்குள்ள எந்த எடத்துல வருது, அங்க ப்ளக் இருக்கா, அங்கேர்ந்து உங்க ரூமுக்கு எத்தன சுவர்னு எழுதுங்க. கூடவே ரவுட்டர்லேர்ந்து ரூமுக்கு எத்தன அடின்னும் அளந்து சொல்லுங்க, எத்தன மீட்டர் கேபிள் வாங்கணும்னு நான் சொல்றேன்.