ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் புயலையும் வெள்ளத்தையும் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஆண்கள் பிழைப்புக்காக வெளியே போய்விட்டால், புயல், வெள்ளம், வறட்சிக்குத் தக்கபடி வீட்டையும் வயலையும் மாற்றிக்கொள்வது பெண்களுக்குக் கடினமாகிறதா, அல்லது அங்கிருந்து வரும் பணத்தால் எளிதாகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படி வெளியே போன ஆள்தான். ஊர் வேதாரண்யம் பக்கம். 2015-இலிருந்து மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. சாயங்காலம் மனைவி போன் செய்தாள். "ஏங்க, எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிடுங்கன்னு மைக்ல சொல்லிட்டுப் போறாங்க. போகட்டுமா?" என்று கேட்டாள். கடையில் கூட்டம். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன். "ஓட்டு வீடுதானே, ஒண்ணும் ஆகாது. மாட்டை விட்டுட்டு எங்க போவ? அம்மாவை வேற இழுத்துக்கிட்டு" என்றேன். அவள் "சரி" என்றாள்.

அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று. மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் எனக்கு அது விடியற்காலை மூன்று மணி. பெரிய சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு போன் போட்டால் லைன் போகவில்லை. அடுத்த மூன்று நாளும் போகவில்லை.

நான்காம் நாள்தான் விஷயம் தெரிந்தது. பதினோரு மணி வாக்கில் முதல் ஓடு பறந்ததுமே, நான் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு எதிர்த்த மாடி வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். மாடு மறுநாள் வாய்க்கால் கரையில் செத்துக் கிடந்தது. சாயங்காலமே போயிருந்தால் வெளிச்சத்தில், காற்றில்லாமல் போயிருக்கலாம். அந்த ஐந்து மணி நேரம் என்னால் போனது.

எங்கள் கடைச் சமையலறையில் வங்கதேசத்துக்காரர், சிட்டகாங் பக்கத்து பாய் ஒருவர் இருக்கிறார். இதை அவரிடம் சொன்னபோது 1991 ஏப்ரலில் அவர் ஊர்க் கடற்கரையில் அடித்த புயலைப் பற்றிச் சொன்னார். ஏறக்குறைய 1,40,000 பேர் செத்தார்கள். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். கையில் பிள்ளை, காலைத் தடுக்கும் சேலை என்பதோடு, வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும் என்று வாசலில் காத்து நின்றதும் ஒரு காரணமாம். நான் நிமிராமல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இனி நீங்கள் கேட்ட பணம். நான் வந்தபோது ஏஜெண்டுக்குக் கொடுத்தது 1,30,000 ரூபாய், மூணு வட்டிக்கு வாங்கியது. 2018-இல் ஒரு வெள்ளிக்கு, அதாவது மலேசிய ரிங்கிட்டுக்கு, ஏறத்தாழ 17 ரூபாய். மாதம் 1,000 வெள்ளி அனுப்பினால் ஊரில் 17,000. முதல் இரண்டு வருடம் பெரும்பகுதி வட்டிக்காரருக்கே போனது. வெளிநாட்டுக் காசு வீட்டைப் பலப்படுத்தும் என்பதெல்லாம் மூன்றாம் வருடத்துக்கு மேல்தான். அதற்குள் புயல் வந்துவிட்டால் வீட்டில் ஆளும் இல்லை, காசும் இல்லை, கடன் மட்டும் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். வளைகுடாவுக்குப் போன புருஷனிடமிருந்து இரண்டு வருடமாகப் பணமும் இல்லை, பேச்சும் இல்லை. கஜாவுக்கு அப்புறம் குழுக் கடனை எடுத்து ஓடு மாற்றினார். அந்தக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன். ஊர்க் கணக்கில் அவர் வீடும் 'ஃபாரின்காரர் வீடு'தான்.

புயலுக்கு அடுத்த வாரங்களை யாரும் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்து அதுதான் பெரிய அடி. எங்களுக்கு 60 தென்னை, அதில் 41 சாய்ந்துவிட்டது. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்தால் மரம் அறுக்கும் மெஷின்காரர் யார் வீட்டுக்கு முதலில் வருவார்? நேரில் போய், டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டுக் கூட்டிவரும் ஆம்பளை இருக்கிற வீட்டுக்கு. என் மனைவி மூன்று தடவை போய்க் கேட்டாள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டாள். கடைசியில் அதிகக் கூலி கொடுத்து, பதினெட்டாவது நாள் வேலை நடந்தது. கூரையில் ஏற ஆள், தார்ப்பாய் கட்ட ஆள், எல்லாம் இதே கதை. கரண்ட் வரவும் வாரக்கணக்கானது. அதுவரை தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. குடத்தோடு நடந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் நிவாரணம். அரசு ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தது, மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. எங்களுக்கு 45,100 வரவேண்டும். ஆனால் பட்டா, 2011-இல் இறந்துபோன என் அப்பா பேரில் அப்படியே இருந்தது. நான் மாற்றவே இல்லை. கணக்கெடுக்க வந்தவர் கேட்டது, "வீட்டுக்காரர் எங்கம்மா?" வாரிசுச் சான்று வேண்டும், வாரிசான நான் கையெழுத்துப் போட வேண்டும், நானோ இங்கே. முதலாளி "இரண்டு மாசம் பொறு" என்றார். பர்மிட், டிக்கெட் எல்லாம் சரிக்கட்டி நான் போய்ச் சேர்ந்தது ஏப்ரலில். பணம் வந்தது ஜூலையில். அந்த எட்டு மாதமும் அவள் கழுத்துச் சங்கிலி அடகுக் கடையில்.

ஆகவே என் பதில் இதுதான். ஆண் போனதைவிட, போன ஆண் எதையெல்லாம் தன் பேரில் வைத்துக்கொண்டு போனான் என்பதுதான் அவளைக் கட்டிப்போடுகிறது. நிலம் என் பேரில், இல்லையென்றால் செத்தவர் பேரில். பேங்க் கணக்கு அம்மாவோடு சேர்த்து. போகலாமா வேண்டாமா என்பது என் வாயில். வேலை முழுக்க அவள் தலையில்.

இங்கே வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். எங்கள் கடையில் காய்கறி நறுக்கும் மலேசியத் தமிழ் அக்காவின் கணவர் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு பினாங்கில் ஏழு பேரைப் பலிகொண்ட பெருவெள்ளம். பட்டர்வொர்த் பக்கம் தரை வீடு அந்த அக்காவுக்கு. ஐசி என்கிற அடையாள அட்டை, கார் கிராண்ட் என்கிற கார்ப் பதிவுப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு, பக்கத்து வீட்டுப் பையன்களை வைத்து வாஷிங் மெஷினை மேஜை மேல் ஏற்றி, பிள்ளைகளோடு தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். கணவருக்கு விடிந்த பிறகுதான் சொன்னார். "அவர்கிட்ட கேட்டு என்னா ஆவப்போவுது? அங்கேருந்து தண்ணியா இறைப்பாரு?" அக்காவுக்குத் தனிச் சம்பளம், கார் அவர் பேரில், வாடகை ஒப்பந்தமும் அவர் பேரில். என் மனைவியைவிட அவர் தைரியசாலி என்று நான் நினைக்கவில்லை.

2019-இல் ஊருக்குப் போனபோது நான் செய்த உருப்படியான வேலை, பட்டாவைக் கூட்டாக மாற்றியதும் அவள் பேரில் தனிக் கணக்கு தொடங்கியதும்தான். போக முடியாதவர்கள் கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷனில் (தூதரகம்) கையொப்பச் சான்று பெற்று பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு முழித்தவர்கள் உண்டு.

அதன் பிறகு அவள் செய்தவை எல்லாம் என் யோசனைக்கு எதிரானவை. மறுபடி தென்னை வை என்றேன், காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், அதற்குள் இன்னொரு காற்று வராதா என்று பாதி இடத்தில் முல்லை போட்டாள். எங்கள் பக்கத்து மண்ணுக்கு முல்லை நன்றாக வரும், அன்றாடம் கையில் காசு. மாடு வாங்கப் பணம் அனுப்பினேன், ஆடு வாங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஆடுன்னா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றாள். சிரித்தேன். ஆனால் பூப்பறிக்க விடியுமுன் எழுந்து, ஆடு மேய்த்து, அம்மாவையும் பார்த்துக்கொள்கிறாள். சமாளிப்பு என்று நாம் புகழ்வதில் பாதி அவளுடைய தூக்கம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கு முன்னால் டெல்டாவில் மழை கொட்டிய நாளில் நானாகத்தான் இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ராத்திரி ஒரு படம் வந்தது. பள்ளிக்கூட வராண்டாவில் அம்மா போர்வையோடு, பக்கத்தில் பிள்ளைகள், தூணில் கட்டிய மூன்று ஆடுகள், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃபைல். கீழே, "வந்துட்டோம். சாப்பிட்டாச்சு. நீங்க தூங்குங்க."