நடப்பவர்களும் குதிரைகளும் வரும் பாதையில் ஏடிவி ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

புதிதாக ஏடிவி (கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டி) வாங்கியிருக்கிறீர்கள், நடப்பவர்கள், சைக்கிளில் வருபவர்கள், குதிரையில் வருபவர்கள் எல்லாரும் புழங்கும் பாதையில் ஓட்டப் போகிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பாதைத் தொடக்கத்தில் இருக்கும் பலகையைப் படியுங்கள். பொதுப் பாதை என்பதாலேயே மோட்டார் வண்டிக்கும் அனுமதி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அனுமதி இருந்தாலும் அகல வரம்பு இருக்கலாம். அமெரிக்க வனத்துறையின் பல பாதைகளில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டி நுழையக் கூடாது.

யார் யாருக்கு வழிவிடுவது என்ற குழப்பமே உங்களுக்கு வேண்டாம். எதிரில் யார் வந்தாலும் வழிவிட வேண்டியது மோட்டார் வண்டிதான். நடப்பவருக்கு நீங்கள் வருவது தூரத்திலேயே கேட்டுவிடும். ஹெல்மெட்டும் இஞ்சின் இரைச்சலும் சேர்ந்து உங்களுக்கு அவர் பேச்சு, சைக்கிள் மணி, குளம்புச் சத்தம் எதுவும் கேட்காது. அந்தப் பாதையில் காது அடைத்துப் போயிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் வளைவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகம் எதுவானாலும் அதிகம்தான்.

ஆள் குறுக்கே வந்தால் சட்டென்று ஒடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பல ஏடிவிகளில் பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும், காரில் இருப்பதுபோல டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) இருக்காது. ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை மிதித்தால்தான் ஒழுங்காகத் திரும்பும். பயத்தில் இருக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது. வேகத்தில் ஒடித்தால் கவிழவும் வாய்ப்பு உண்டு. பெரிய ஏடிவி ஒன்று 300 கிலோ அளவில் இருக்கும். சீட் நீளமாக இருப்பதும் ஓட்டுபவர் இப்படி முன்னும் பின்னும் நகர்ந்து உட்காரத்தான். ஒருவருக்கென்று செய்த வண்டியில் பின்னால் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, ஏற்றாதீர்கள். (1970-ல் ஹோண்டா கொண்டுவந்த முதல் ஏடிவிக்கு மூன்றே சக்கரம். அந்த வகை வண்டிகள் கவிழ்ந்து நிறைய உயிர் போன பிறகு, 1988-ல் அமெரிக்காவில் அவற்றின் புதிய விற்பனை நின்றது.)

குதிரை விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் ஓடிவிடுவதுதான் அதன் இயல்பு. இரைந்துகொண்டு வரும் வண்டியின் மேல் முகமே இல்லாத ஓர் உருவம் உட்கார்ந்திருந்தால் அது மனிதன் என்று அதற்குத் தெரியாது. குதிரை கண்ணில் பட்டதுமே ஓரம் கட்டி இஞ்சினை அணைத்துவிடுங்கள். மெதுவாகக் கடந்துவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். ஹெல்மெட்டைக் கழற்றி, குதிரையில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் ஏதாவது பேசுங்கள். மனிதக் குரல் கேட்டதும் பெரும்பாலான குதிரைகள் அடங்குவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்: உங்களையே குறிவைத்து விறைத்து நின்ற காதுகள் தளரும், தலை கொஞ்சம் தாழும். சரிவான இடமென்றால் பள்ளப் பக்கம் நில்லுங்கள். மேட்டில் நிற்கும் உருவம் பாயக் காத்திருக்கும் மிருகம்போல அதற்குத் தெரியும். எந்தப் பக்கம் நிற்கலாம் என்று அவரையே கேட்பது இன்னும் நல்லது. குதிரை நன்றாகத் தள்ளிப் போன பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதுகுக்குப் பின்னால் திடீரென்று இஞ்சின் உறுமினால் இவ்வளவு நேரம் பொறுத்ததெல்லாம் வீண்.

கூட்டமாகப் போனால், எதிரில் வருபவருக்கு உங்கள் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்டுங்கள். கடைசி ஆள் மூடிய கையைக் காட்டுவார். நடப்பவர்கள் பாதி வண்டிகள் போனதுமே பாதைக்குத் திரும்பிவிடுவதால் இந்தச் சின்ன சைகை பெரிய உதவி.

மழை பெய்து மண் ஊறியிருக்கும் நாட்களில் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஏடிவி டயரில் காற்று 5 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும், அதனால் மண்ணை அவ்வளவாக அழுத்தாது. ஆனால் சக்கரம் சுழன்றால் பறித்துவிடும். அந்தப் பள்ளம் காய்ந்து இறுகினால் சைக்கிள்காரர் விழுவார், குதிரைக்குக் கால் பிசகும். வழியில் குட்டை இருந்தால் சுற்றிப் போகாமல் நடுவிலேயே மெதுவாகப் போங்கள். சுற்றிச் சுற்றிப் போவதால்தான் ஒற்றையடிப் பாதை சேற்றுத் திடலாகிறது.

சத்தம் கூடும் சைலன்சரை மாட்டும் எண்ணமிருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 96 டெசிபல்தான் வரம்பு, சைலன்சர் முனையிலிருந்து 20 அங்குலத்தில் மீட்டர் வைத்து அளப்பார்கள். கம்பெனி கொடுத்த சைலன்சரிலேயே தீப்பொறி தடுப்பானும் இருக்கும். காய்ந்த புல் உள்ள இடத்தில் அது இல்லாமல் ஓட்டவே கூடாது.