பல நாடுகளில் மக்கள் தொடர்புத் துறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஆழமாகப் பேசிக்கொள்ள என்ன வழி?

ஆளுக்கொரு தோல்வியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து வேறு வழி பலிக்கவில்லை.

நான் கிருஷ்ணகிரிக்காரன். நாலு வருடமாக மாதம் ஒரு நாள் நைரோபி, மணிலா, சாவோ பாவ்லோவில் இதே தொழில் செய்பவர்களோடு வீடியோ காலில் பேசுகிறேன். எனக்கு ராத்திரி ஏழு மணி என்றால் மணிலாக்காரருக்கு ஒன்பதரை, கொட்டாவி விட்டபடியேதான் வருவார்.

முதல் வருடம் வெறும் சுயபுராணம். அது தீர்ந்தால் டைலெனால் என்ற வலி மாத்திரையின் கதை. 1982-ல் சிகாகோ பக்கம் சயனைடு கலந்த கேப்சூலால் 7 பேர் இறந்ததும், அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றதும் எங்கள் தொழிலில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? தலையாட்டிவிட்டுக் கலைவோம்.

ஒருநாள் என்னுடைய சொதப்பலை எடுத்துப் போனேன். அப்போது ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கு வேலை பார்த்தேன். சீசனில் தோலும் கொட்டையும் குவிந்து புளித்து, வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு ஊரில் சோறு இறங்காத நாற்றம். நான் நோட்டீஸ் அடித்தேன்: 'கழிவு மேலாண்மை உரிய விதிமுறைகளின்படி மேற்கொள்ளப்பட்டு வருகிறது.' பைப்படியில் ஒரு பாட்டி, "படிச்சுக் காட்டு கண்ணு" என்றார். படித்தேன். "நாத்தம் என்னிக்குப் போவும்னு இதுல எங்க கீது?"

மறுநாள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் நைரோபி அக்கா (அப்படித்தான் கூப்பிடுவேன், அர்த்தமும் சொல்லிவிட்டேன்) கேட்ட முதல் கேள்வி: அந்த ஊரில் வீட்டுக்குள் என்ன பாஷை? தெலுங்கு. எங்கள் மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குவது பிறந்ததிலிருந்து தெரியும். எழுத உட்கார்ந்தபோது மட்டும் ஞாபகம் வரவில்லை. பாட்டிக்குத் தமிழ் நன்றாகவே வரும். 'கழிவு மேலாண்மை' வராது. சாவோ பாவ்லோக்காரர், அந்த வாக்கியத்தில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்றார். ஆறு பேர். ஆறு பேரில் ஒருவரும் அந்த ஊர்ப் பக்கம் போனதில்லை, என்னைத் தவிர. நானும் எழுதி முடித்த பிறகுதான் போனேன். அன்று இரண்டு மணி நேரம் ஓடியது தெரியவில்லை.

அதிலிருந்து, சொதப்பிய காகிதம் ஒன்று இல்லாமல் கூட்டம் கிடையாது. கம்பெனிப் பெயரை மறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும். கால் மணி நேரம் எல்லோரும் வாசிப்போம், அடுத்த அரை மணி நேரம் கேள்வி மட்டும். யோசனை சொல்ல வாயெடுத்தால் மைக்கை அணைத்துவிடுவேன். கேள்வியைக்கூட முதலில் எழுதித்தான் போட வேண்டும். ஏனென்றால் இங்கிலீஷ் கடகடவென்று வருபவர் சொல்வதே சரி என்று ஆகிவிடுகிறது. யோசித்துப் பேசுபவர் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். 'ஸ்டேக்ஹோல்டர்' (சம்பந்தப்பட்டவர்கள்) என்ற வார்த்தைக்கும் தடை. யார், எந்தத் தெரு என்று சொல்லியாக வேண்டும்.

ஒத்துப்போகாத விஷயத்தையும் தேடிப் பிடியுங்கள். 2010-ல் பல நாட்டு மக்கள் தொடர்புக்காரர்கள் பார்சிலோனாவில் கூடி, பேப்பரில் செய்தி வந்த இடத்துக்கு அதே அளவு விளம்பரத்தின் கட்டணத்தைப் போட்டுக் காட்டுவது நம் வேலையின் மதிப்பாகாது என்று தீர்மானித்தார்கள். எங்கள் முதலாளி இன்னும் பேப்பர் கட்டிங் மேல் ஸ்கேல் வைத்து அளக்கிறார் என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மணிலாவிலும் அதே ஸ்கேல்தானாம். கணக்குப் பிரிவு பணத்தில் கேட்டால் வேறு எதைக் காட்டுவது என்று மணிலாக்காரர் கேட்டார். நைரோபி அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. இரண்டு மாதமாக அதிலேயே நிற்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு மணிலாக்காரர் தன் ஆபீஸ் கணக்காளரையே கூட்டி வருகிறார்.