புன்னக்காயல் கழிமுகத்துல கோடைப் பறவைகள்: உங்க கேள்விகளுக்குப் பதில்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நெறைய பேரு குடும்பத்தோட தாமிரபரணி கடல்ல சேருற இடத்துக்குப் போயிருக்கீங்க, சந்தோசம். ஒண்ணு போல இருந்த கேள்விகளச் சேத்துட்டேன். படம் இல்லாம, இடம் இல்லாம, தேதி இல்லாம "வெள்ளையா ஒரு பறவை, என்னது?"ன்னு வந்ததுக்கெல்லாம் பதில் கிடையாது. போன தடவையும் இதையேதான் சொன்னேன்.

கே: கோடைல போறது வேஸ்ட்டு, வலசை வந்ததெல்லாம் போயிருக்கும், நவம்பர்ல போங்கன்னு ஒருத்தர் சொல்லுதாரு. நெசமா? (வண்ணார்பேட்டை)

ப: பாதிதான் சரி. ஏப்ரல் கடைசிக்குள்ள பெருங்கூட்டம் வடக்க கெளம்பிரும். ஆனா கெளம்புததுக்கு முன்னால அதுக மாறுத நெறத்த நவம்பர்ல எங்க போயிப் பாப்பீங்க? வளைமூக்கு உள்ளான் செங்கல் நெறத்துக்கு வரும், வலசை வார சில உப்புக்கொத்திக்கு நெஞ்சுல காவி ஏறும், மீசை ஆலாவுக்கு வயிறு கருஞ்சாம்பலாகி கன்னம் மட்டும் வெள்ளையா தெரியும். அதுபோக எல்லாமும் போறதும் இல்ல. போன வருசம் பொரிச்ச இளசுக நெறைய சைபீரியா வரைக்கும் பறக்காம கோடைய இங்கனயே கழிச்சிரும், ஜூன் மாசத்துலயும் சேத்துல மங்கின நெறத்துல நாலஞ்சு உள்ளான் மேஞ்சுக்கிட்டு நிக்கும், பேரு கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெடணும், அவ்வளவுதான்.

நம்ம ஊருப் பறவைக்கு இதுதான் சீசனே. மடையான் முதுகு கருஞ்சிவப்பாயிரும், உண்ணிக்கொக்கு தலை ஆரஞ்சாயிரும், தூத்துக்குடி பக்கம் உப்பளத்துல நெடுங்கால் உள்ளானும் சின்ன ஆலாவும் முட்டை வைக்கும். தென்னிந்தியாவுலயும் இலங்கைலயும் குஞ்சு பொரிக்கிற சின்ன உப்புக்கொத்திய 2023-ல தனி இனமாவே பிரிச்சு ஹனுமான் ப்ளோவர்னு பேரு வச்சாங்க, அதுவும் நம்ம கடக்கரைல வெறும் மணல்ல முட்டை வைக்கிறதுதான். அதனால கோடைல போங்க, ஆனா கால எங்க வைக்கிறோம்னு பாத்துப் போங்க.

கே: எத்தன மணிக்குப் போகணும்? நாங்க பத்து மணிக்குப் போனோம், ஒண்ணுமே இல்ல. (பேட்டை)

ப: மே மாசம் பத்து மணிக்குப் போனா என்ன இருக்கும்? சூரியன் ஆறு மணிக்கெல்லாம் வந்துரும், அதுக்கு முன்னால அங்கன நிக்கணும், ஒன்பதரைக்குத் திரும்பிரணும். அதவிட முக்கியம் ஏத்தம் வத்தம். நம்ம பக்கம் கடல் ஏறி இறங்குத வித்தியாசம் ஒரு மீட்டருக்கு உள்ளதான், ஆனா கழிமுகம் தட்டையா கெடக்கிறதுனால அந்தக் கொஞ்சத்துக்கே சேறு ஏக்கர் கணக்குல தெரியும், மறையும். ஏத்தத்துல பறவையெல்லாம் மணல்திட்டுல ஒதுங்கி நிக்கும், வத்த ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல சேத்துக்கு எறங்கும், அதுதான் நமக்கு நேரம். தினமும் 50 நிமிசம் போல தள்ளிப் போகும், அதனால போன ஞாயித்துக்கெழமை பாத்த நேரம் இந்த ஞாயித்துக்கெழமைக்கு ஒத்து வராது. வலை போடப் போற அண்ணாச்சிமாரக் கேட்டா சரியாச் சொல்லிருவாங்க. கடலப் பாத்து நின்னா காலை வெயில் நேரா கண்ணுல அடிக்கும், வெயில் முதுகுல விழுற மாதிரி நின்னுக்கிடுங்க, இல்லன்னா எல்லாப் பறவையும் கறுப்பாத்தான் தெரியும்.

கே: பைனாகுலர் 8x42 வாங்கவா, 10x50 வாங்கவா? (வள்ளியூர்)

ப: 8x42. மொத நம்பர் எத்தன மடங்கு பெரிசாக் காட்டும்ங்கிறது, ரெண்டாவது முன்கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல. 10x50 கனம் ஜாஸ்தி, கை ஆடும், அதுவும் கடக்காத்துல.

கே: கொக்கு மாதிரியே இருக்கு, ஆனா உடம்பு கருஞ்சாம்பல், தொண்டை மட்டும் வெள்ளை. அலை ஓரமா ரெக்கைய விரிச்சுக்கிட்டு ஓடுச்சு. படம் இணைச்சிருக்கேன். (காயல்பட்டினம்)

ப: கரைக்கொக்கு. இதுலயே வெள்ளை நெறத்துலயும் உண்டு, ரெண்டும் ஒரே இனம்தான். வெள்ளைய சின்னக் கொக்குன்னு எழுதிராம அலகப் பாருங்க, சின்னக் கொக்குக்கு மெலிசா நல்ல கறுப்பு, இதுக்குக் கொஞ்சம் தடிமனா மஞ்சளும் பழுப்பும் கலந்து இருக்கும். இந்த மாதிரி படமும் வெவரமும் அனுப்புனா எனக்கும் வேலை லேசு.

கே: மே ரெண்டாவது வாரம் மணல்ல நாலு முட்டை பாத்தேன். கூடே இல்ல, சும்மா கல்லுக்கு நடுவுல கெடந்துச்சு. தாய்ப்பறவை கத்திக்கிட்டே தலைக்கு மேல சுத்துச்சு. இருபது நிமிசம் பக்கத்துல உக்காந்து நல்ல க்ளோசப் எடுத்து அனுப்பியிருக்கேன். என்ன முட்டை? குஞ்சு படம் எடுக்க எப்பப் போகலாம்? (தூத்துக்குடி)

ப: ஆக்காட்டி முட்டை. இனிமே அங்கன போகவே வேண்டாம்.

உங்க படத்துலயே நேரம் பதிஞ்சிருக்கு, காலைல 11 மணி தாண்டிருச்சு. அந்த நேரத்துல அந்த மணல்ல நீங்க செருப்பில்லாம நிப்பீங்களா? முட்டை 20 நிமிசம் அதுமேல கெடந்துருக்கு. அடைகாக்கிறதுன்னா முட்டைக்குச் சூடு குடுக்கிறதுன்னு எல்லாரும் நெனைக்கிறோம், நம்ம ஊரு கோடைல ஆக்காட்டிக்கு வேலை அதுக்கு நேர் எதிர். வெயில் ஏற ஏற அது முட்டை மேல அழுந்தி உக்காராது, உடம்பத் தூக்கி, ரெக்கைய லேசா தளத்தி, வாயப் பொளந்து மூச்சு வாங்கிக்கிட்டே குடை புடிச்ச மாதிரி நிக்கும். ஜோடில ஒண்ணு தண்ணிக்குப் போயி வயித்துத் தூவி நனைய முங்கிட்டு வந்து, ஈரம் சொட்டச் சொட்ட முட்டை மேல உக்காரும், ஒடனே மத்தது கெளம்பும். இப்படியே மாத்தி மாத்தி நாலு வாரம். மணல் மத்தியானத்துல 50 டிகிரிய சாதாரணமாத் தாண்டும், முட்டைக்குள்ள இருக்க கரு 40-க்கு மேல ரெண்டு மூணு டிகிரி ஏறினாலே தாங்காது. அது கத்தினது என்னத்துக்குன்னு இப்பப் புரியுதா?

கூடே இல்லன்னு எழுதியிருக்கீங்க, அதுதான் கூடு. படத்த நீங்களே பெரிசு பண்ணிப் பாருங்க, லேசாப் பள்ளம் பறிச்சு சுத்திப் பொடிக்கல்லும் ஓட்டாஞ்சில்லும் ஆட்டுப்புழுக்கையும் சேத்து வச்சிருக்கு, நாலு முட்டையும் கூர்முனைய உள்பக்கமா வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. முட்டைல இருக்க கரும்புள்ளியும் கல்லும் ஒண்ணு போல, நின்னு பாத்தாலே தெரியாது. நீங்க உக்காந்து எழும்பிப் போன அப்புறம் தெரிஞ்சிரும், காக்கா பாத்துக்கிட்டேதான் இருக்கும், நாய் உங்க கால்தடத்த மோந்துக்கிட்டே வரும்.

ஒங்க ஒருத்தர் மேல மட்டும் எனக்குக் கோவம் இல்ல. போன கோடைல ஒரு போட்டோ குரூப்பு வேன் புடிச்சு வந்து, சின்ன ஆலா கூட்டமா முட்டை வச்சிருந்த உப்பள வரப்புல வரிசையா ட்ரைபாட போட்டு உக்காந்துட்டாங்க, சொல்லிப் பாத்தும் "அஞ்சு நிமிசம் சார்"னே மத்தியானம் வரைக்கும் ஓட்டிட்டாங்க, அதுக்கப்புறம் அந்த வரப்புல ஒரு குஞ்சக்கூட நான் பாக்கல. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல காட்டுப் பறவையோட முட்டையையோ கூட்டையோ தொந்தரவு பண்றதும் வேட்டைக் கணக்குலதான் வருது, துப்பாக்கி தூக்கணும்னு இல்ல. பறவைகள் சரணாலயம் இருக்க கூந்தன்குளத்துல போயிப் பாருங்க, ஊருக்குள்ள வீட்டு முத்தத்து மரத்துல நாரை கூடு கட்டியிருக்கும், எச்சம் வாசல்ல விழும், வாடை அடிக்கும், அந்தச் சனம் ஒரு சொல்லு சொல்லாம தீவாளிக்கு வெடி கூட வெடிக்காம இருக்காங்க. அவங்களுக்கு இருக்க பொறுமை கேமரா வச்சிருக்கவங்களுக்கு இல்லயேன்னுதான் எனக்கு வருத்தம்.

கூட்டுல இருந்து தள்ளி நிக்க நான் சொல்லுத கணக்கு 50 மீட்டர். பறவை கத்த ஆரம்பிச்சா அந்த 50-உம் பத்தாது, வந்த தடத்துலயே திரும்பிருங்க. கூட்டோட படத்தையோ இடத்தையோ எந்த குரூப்லயும் போடாதீங்க.

கே: சின்னப் பறவை ஒண்ணு சிறகு ஒடிஞ்சு மணல்ல இழுத்துக்கிட்டே போச்சு. காப்பாத்தலாம்னு பின்னால ஓடுனோம், கொஞ்ச தூரம் போயி பறந்துருச்சு. (ஏரல்)

ப: உப்புக்கொத்தி. சிறகு ஒடியல, முட்டையோ குஞ்சோ இருந்த எடத்துல இருந்து உங்கள அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போகத்தான் அப்படி நடிச்சுது. அடுத்த தடவை ஓடாதீங்க, நின்ன எடத்துலயே காலுக்குக் கீழ நல்லாப் பாத்துட்டு மெதுவா பின்வாங்குங்க.

கே: ட்ரோன் விட்டு எடுக்கலாமா?

ப: கூடாது.

கே: பூநாரை மே மாசம் இருக்குமா? இங்க குஞ்சு பொரிக்குமா? (நாசரேத்)

ப: சில வருசம் கொஞ்சம் தங்கும், நம்பிப் போகாதீங்க. குஞ்சு பொரிக்கிறது குஜராத் கட்ச் ரண்ல. சாம்பலும் அழுக்கு வெள்ளையுமா நிக்கிறது இங்கன பொரிச்ச குஞ்சு இல்ல, ரோஸ் நெறம் இன்னும் ஏறாத இளசு.

கே: செம்பருந்துக்கும் கரும்பருந்துக்கும் மேல பறக்கும்போது எப்படி வித்தியாசம் தெரியும்?

ப: வாலப் பாருங்க. செம்பருந்துக்கு வட்டமா முடியும், கரும்பருந்துக்கு நடுவுல பிளவு இருக்கும்.

கே: மெர்லின் ஆப் சத்தத்த வச்சு ஒரு பறவை பேரு காட்டுச்சு, ஈபேர்ட்ல (பாத்த பறவைகளப் பதியுத இணையதளம்) போட்டுட்டேன். ரிவ்யூ பண்றவங்க கேள்வி கேக்காங்க. (பாளையங்கோட்டை)

ப: கேக்கத்தான் செய்வாங்க. ஆப் காட்டுனா அது ஒரு துப்பு, அவ்வளவுதான், கண்ணால பாத்து அலகு, காலு, வாலு மூணையும் குறிச்சிட்டுப் போடுங்க. கடக்காத்துல மைக்குக்குப் பாதி சத்தம் போய்ச் சேராது. பாக்கலன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க, அந்தக் கணக்க வச்சுத்தான் நாளைக்கு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணுவாரு.

கே: சின்னப் பிள்ளைகளோட போறோம். என்ன எடுத்துட்டுப் போகணும்? (அம்பாசமுத்திரம்)

ப: ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, பூட்டுன செருப்பு. அங்கன நிழல் கெடையாது. கண்டல் மரம் இருக்கே, அது நிழல்ல உக்காரலாம்னு நெனைக்காதீங்க, அடி பூரா மேல்வேரு கூர்கூரா நிக்கும், சேறு முழங்கால் வரைக்கும் இழுக்கும், மரத்துல கொக்கு வேற கூடு கட்டியிருக்கும். பிள்ளைகள ஆத்துல எறக்காதீங்க, மணல்திட்டு பாக்கத்தான் திடமா இருக்கும், ஏத்தம் வந்தா பின்னால சூழ்ந்துரும். அதுக்குத்தான் ஏத்தம் வத்தம் பாருங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்லுதேன். திரும்பி வரும்போது ஆத்தூர், முக்காணி பக்கம் பதநீ கெடைச்சா வாங்கிக் குடுங்க, வெயிலுக்கு நல்லது.

கே: அவ்வளவு தூரம் போக வழியில்ல, டவுன்லயே பாக்க முடியாதா? (தச்சநல்லூர்)

ப: தாராளமா. குறுக்குத்துறைல இருந்து கொக்கிரகுளம் வரைக்கும் ஆத்தங்கரையோரம் காலைல நடங்க, நீர்க்காகம், மீன்கொத்தி, மடையான் எல்லாம் உண்டு. நயினார்குளத்துல முக்குளிப்பான், தாழைக்கோழி. சாக்கடை கலக்குத எடத்துல கூட்டம் அதிகமா நிக்குதேன்னு சந்தோசப்படாதீங்க, அங்கன எந்தப் பறவை வரலங்கிறதையும் சேத்து எழுதி வைங்க.

கே: தாமிரபரணி நீர்ப்பறவை கணக்கெடுப்புல சேரணும், எனக்குப் பாதி பேரு தெரியாது. சேத்துக்கிடுவாங்களா? (சேரன்மகாதேவி)

ப: சேத்துக்கிடுவாங்க. 2011-ல இருந்து ஜனவரில நடக்குது, புதுசா வாரவங்களுக்கு முன்னாலயே சொல்லிக் குடுத்து, தெரிஞ்சவங்க கூடத்தான் குளத்துக்கு அனுப்புவாங்க. இப்பவே வாரத்துக்கு ஒருநாள் உங்க ஊருக் குளத்துக்குப் போயி குத்துமதிப்பா எண்ணி எழுதிப் பழகுங்க, அம்பது நூறா கூட்டமா எண்ணுதது ஒரே நாள்ல வராது. கேமராவ வீட்டுல வச்சுட்டு நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு வாங்க.